கோழிக்கடைக்கு வந்த அன்பு நடை

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடையில் வேலை ஒரே வரிசையில்தான் நடக்கும். கணவர் கூண்டுக்குள் கையை விட்டு ஒரு கோழியைப் பிடிப்பார். இரண்டு இறக்கைகளையும் முதுகுப் பக்கமாக ஒன்றில் ஒன்றைக் கோத்துத் தராசில் வைப்பார். அப்படிக் கோத்துவிட்டால் கோழி எழுந்து ஓடாது. நான் எடையைப் படித்து விலை சொல்வேன். வாங்குகிறவர் தலையாட்டியதும் கணவர் கோழியின் கழுத்தை அறுத்து நீல டிரம்முக்குள் போடுவார். உள்ளே சத்தம் அடங்கிய பிறகு எடுத்துத் தோலை உரித்து, மரக்கட்டையில் வைத்துத் துண்டு போட்டு, மகள் பக்கம் தள்ளுவார். அவள் ஈரலைக் கழுவிச் சேர்த்து, கவரில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள்.

மகள் அந்த இடத்துக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. முன்பு அங்கே நின்ற ஆளுக்குப் பெங்களூரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. அவரும் காலை ரயிலுக்கு ஓடுகிற கூட்டத்தோடு சேர்ந்துவிட்டார். எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் தேடுவது வீண். வாரம் முழுக்க ரயிலில் போய் வருகிறவர்கள் அன்று ஒரு நாள்தான் தூங்குகிறார்கள். அதனால் எட்டாம் வகுப்புப் படிக்கிற மகளை நிறுத்தினோம். அவள் முகம் சுளிக்கவில்லை. ஆனால் அதே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பின்தெரு விகாரையில் பிள்ளைகளுக்குத் தம்ம வகுப்பு நடக்கும். கடைக்கு வந்ததிலிருந்து அவள் வகுப்புக்குப் போகவில்லை.

கணவரின் குடும்பம் ஊரில் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்திலேயே பௌத்தம் ஏற்ற குடும்பம். வீட்டில் புத்தர் படம் இருக்கும், பௌர்ணமிக்கு வெள்ளை உடுத்துவோம், கல்யாணமும் சாவும் விகாரை முறைப்படி நடக்கும். கோழிக்கடை வைத்திருப்பதைப் பற்றி அதுவரை யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்வதற்கு வாயும் இல்லை. விகாரைக் குடும்பங்களில் பாதிப்பேர் எங்களிடம்தான் கறி வாங்கினார்கள்.

மகளுக்குக் குரல் நன்றாக இருக்கும். அந்த வருஷம் வைகாசிப் பௌர்ணமி விழாவில் பஞ்சசீலம் சொல்லிக்கொடுக்க அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் விகாரையில் பிக்கு தங்குவதில்லை. விழா அன்று ஒரு பிள்ளை மைக்கின் முன்னால் நின்று ஒவ்வொரு சீலமாகச் சொல்ல, கூடியிருக்கிற பெரியவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பஸ் கண்டக்டரும் பென்ஷன்காரரும் பள்ளி வாத்தியாரும் ஒரு சிறுமியின் வாயைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த இடத்துக்காக அவள் இரண்டு வருஷம் காத்திருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். தொடர்ந்து வகுப்புக்கு வராத பிள்ளைக்கு அந்த இடம் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

விகாரையின் செயலாளர் என் கணவரோடு ஒரே பள்ளியில் இரண்டு வகுப்புக் கீழே படித்தவர். பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பிரிவில் இருக்கிறார். நன்றாகப் பேசுவார், சிரித்துக்கொண்டே பேசுவார். அவர் பொறுப்புக்கு வந்த பிறகு வகுப்பில் நட்சத்திர ஸ்டிக்கர் வந்தது, சாக்லேட் வந்தது. அப்படியும் பிள்ளைகள் சேரவில்லை. ஒரு நாள் பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, புதிய ஏற்பாட்டைச் சொன்னார்.

“திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. அதெல்லாம் நம்ம அப்பன் காலத்து வேல. என்கரேஜ் பண்ணணும். எந்தப் புள்ள வரலியோ, அது வூட்டுக்குக் கிளாஸே கெளம்பிப் போவும். வாசல்ல நின்னு அஞ்சு சீலமும் சொல்லும். பாலியில ஒரு தபா, அர்த்தம் புரியணும்ல, தமிழ்ல ஒரு தபா. அவ்ளோதான். அன்பு நடைன்னு பேரு வெச்சிருக்கேன்.”

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, “எங்கூட்டுக்கு வர்றதா இருந்தா மின்னாடியே சொல்லிட்டு வாங்க சார், பாத்திரம் கழுவி வெச்சிக்கிறேன்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் வாரங்களில் அது வேடிக்கையாகத்தான் இருந்தது. பிள்ளைகள் இரண்டு வரிசையாக, வெள்ளைச் சட்டையில், கையில் பூவோடு ஒரு வீட்டு முன்னால் நிற்பார்கள். உள்ளே டிவி ஓடும். அம்மாக்கள் நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். ஒரு வீட்டில் பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சீலம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் மட்டையும் கையுமாகத் தெருமுனையில் வந்து நின்றுவிட்டான். நாலாவது சீலம், பொய் சொல்லாமை. அந்த இடத்தில் பிள்ளைகள் அவன் அம்மாவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர்களாகவே கண்டுபிடித்தது அது. எந்த வீட்டில் எந்தச் சீலத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்று அன்றிலிருந்து அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. குடிக்கிற வீட்டு வாசலில் ஐந்தாவது சீலம் தெருக்கோடி வரை கேட்டது. அடுத்த வாரமே அந்த வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்கள்.

எங்கள் முறை வந்தபோது சர்ச் விட்ட நேரம். கடை முன்னால் நல்ல கூட்டம். நாங்கள் காலையிலிருந்து கடையில் இருப்பதால் வீட்டுக்குப் போகாமல் நேராகக் கடைக்கே அழைத்து வந்துவிட்டார் செயலாளர். பிள்ளைகள் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு மரக்கட்டைக்கு எதிரே நின்றார்கள். செயலாளர் பின்னால் நின்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார். கணவரின் இடது கையில் கோழி, வலது கையில் கத்தி. கும்பிடுவதற்கு அவருக்குக் கை இல்லை. கத்தியைக் கட்டை மேல் வைத்தார், கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டார், பிறகு கைகளைக் கூப்பினார். கோழி அவர் கைகளுக்கு நடுவே தலையை நீட்டிப் பார்த்தது. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

முதல் சீலம் பாணாதிபாதா என்று தொடங்கும். பாலியில் சொன்னபோது வாடிக்கையாளர்கள் பையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள். தமிழில் சொன்னபோதுதான் தலை நிமிர்ந்தார்கள். எந்த உயிரையும் கொல்ல மாட்டேன் என்று இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள். முந்தைய கோழி டிரம்முக்குள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் டிரம்மைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள். இரண்டாவது சீலம், திருடாமை.

“இது அக்காவுக்கு. தராசப் பாத்து சொல்லுங்கடா” என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

கூட்டமே சிரித்தது. பிள்ளைகள் உடனே என் பக்கம் திரும்பிக்கொண்டு இன்னொரு முறை சொன்னார்கள். அந்தத் தராசை வருஷா வருஷம் கொண்டுபோய் முத்திரை போட்டு வருகிறவள் நான். ஒரு கிராம் தவறியதில்லை. அதை அந்த இடத்தில் யாரிடம் சொல்வது?

மகளைத் தேடினேன். அவள் ஈரல் கழுவுகிற மேடைக்கு அடியில் குந்தி, கவர் தேடுவதுபோலக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது சீலம் முடிகிற வரைக்கும் அவளுக்குக் கவர் கிடைக்கவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. எல்லா வூட்டுக்கும் போறதுதான்” என்றார் செயலாளர். பிள்ளைகளைத் திருப்பி நிறுத்தியவர் என் அருகே குனிந்து, “அக்கா, வூட்ல சொல்லி அனுப்பினாங்க. முக்கா கிலோ, ஸ்கின்லெஸ். இதுங்கள வுட்டுட்டு வந்து வாங்கிக்கிறேன்” என்றார்.

வந்து வாங்கிக்கொண்டும் போனார்.

அடுத்த ஞாயிறும் வந்தார்கள், அதற்கடுத்த ஞாயிறும். மகள் வகுப்புக்கு வரவில்லை என்பதால் விதிப்படி வந்தார்கள். இதற்குள் மற்ற எல்லா வீட்டுப் பிள்ளைகளும் பயந்துபோய் வகுப்புக்கு ஒழுங்காக வரத் தொடங்கிவிட்டதால், அன்பு நடைக்குப் போக எங்கள் கடை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. பிள்ளைகளுக்கு அது ஞாயிற்றுக்கிழமையின் நல்ல பகுதி ஆகிவிட்டது. வகுப்பில் உட்கார முடியாத சின்னப் பிள்ளைகள்கூட, கோழி டிரம்முக்குள் குதிப்பதைப் பார்க்க வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். வாடிக்கையாளர்களில் சிலர் அந்த நேரம் பார்த்து வந்தார்கள், சிலர் அந்த நேரத்தைத் தவிர்த்து வந்தார்கள். எதிர்வரிசை வீட்டு அம்மா தினமும் கேட்பாள்.

“இன்னாமா, உங்க கட வாசல்ல மட்டும் வாராவாரம் பூஜ நடக்குது? எங்க வூட்டாண்ட எவனும் வர மாட்டேங்கறான்.”

பிறகு பெயர் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை கணவர் சைக்கிளில் தீவன மூட்டை கட்டிக்கொண்டு வரும்போது, ஸ்கூல் விட்டு வந்த பிள்ளைகள் ஓரமாக நின்று கைகூப்பி, “பாணாதிபாதா மாமா!” என்று கத்தினார்கள். அவர் சைக்கிளை நிறுத்தாமல் வந்துவிட்டார். ஒரு வாரத்துக்குள் பெரியவர்கள் வாயிலும் அது நுழைந்துவிட்டது. “பாணாதிபாதா கடைல அர கிலோ வாங்கிட்டு வா” என்று ஒருத்தி தன் மருமகளை அனுப்புவதை என் காதால் கேட்டேன். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை. அடையாளத்துக்குச் சொன்னாள். மகளுடைய பள்ளியிலும் அது போய்ச் சேர்ந்தது. பெங்களூர் இங்கிலீஷ் பேசுகிற வகுப்புத் தோழி ஒருத்தி, “யுவர் டாடி இஸ் ஃபேமஸ் யா” என்றாளாம். இதைச் சொன்னபோது மகள் சிரித்தாள். அப்பாவை வைத்து அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் செயலாளரைப் பார்க்கப் போனேன். விகாரை முற்றத்தில் பிள்ளைகளின் செருப்புகள் நடக்க இடமில்லாமல் கிடந்தன. அவ்வளவு செருப்புகளை நான் அங்கே பார்த்ததில்லை.

“பாத்தீங்களாக்கா? உக்கார எடம் இல்ல” என்றார் அவர்.

“எங்க கடைக்கு வர்றத நிறுத்துங்க சார்.”

“அக்கா, நிஜத்தச் சொல்லட்டா? உங்க கடையாலதான் கிளாஸ் நெறையுது. இன்னிக்கு அங்க போறோமா சார்னு கேட்டுகினேதான் உள்ள வருதுங்க. பார்ட்டிசிபேஷன் இவ்ளோ எந்த விகார்லயும் இல்ல.”

“அவரு மனுசர் இல்லையா?”

“அண்ணன யாரு இன்னா சொன்னது? ஒரு வார்த்த தப்பா சொல்லியிருக்கமா? பகவான் சொன்னதத்தான் சொல்றோம்.” அதே சிரிப்போடு, “உங்க பொண்ண அனுப்புங்க. வராத புள்ள வூட்டுக்குத்தான் அன்பு நடை. அவ வந்துட்டா அப்புறம் நாங்க ஏன் வரப்போறோம்? பௌர்ணமிக்கும் இன்னொரு பொண்ண ரெடி பண்ணிக்கினு இருக்கேன். இன்னும் ரெண்டு வாரம் பாப்பேன்” என்றார்.

அன்றைக்கே கணவரிடம் சொன்னேன். ஈரல் கழுவுவதையும் கவர் கட்டுவதையும் தராசோடு சேர்த்து நானே பார்த்துக்கொள்கிறேன், அவள் போகட்டும் என்றேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். “போவட்டும். நானா வேணான்னேன்?” என்றார். மகளிடம் சொன்னபோது அவள் உடனே மாடிப்படிக்கு ஓடிப்போய்ச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஞாயிறு காலை அவளுக்கு வெள்ளைச் சுடிதாரை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு வேலையைப் புதிய வரிசையில் அமைத்தேன். எடை, விலை, பணம், ஈரல், கவர், முடிச்சு. கொஞ்சம் தடுமாறினாலும் நடந்தது. பிள்ளைகள் வழக்கமாக வருகிற நேரம் வந்தபோது கணவர் தெருமுனையைப் பார்ப்பதைக் கவனித்தேன். அந்த நேரம் கடந்தது. அவர் தோளை இறக்கிக்கொண்டு வேலை செய்வது அன்றுதான் கண்ணில் பட்டது.

வழக்கத்தைவிடச் சற்றுத் தாமதமாக வந்தார்கள். இந்தத் தடவை வரிசைக்கு முன்னால் என் மகள் நின்றாள்.

செயலாளர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “புள்ளைங்க ஆசப்பட்டுச்சுக்கா. வேணான்னு சொன்னா அடுத்த வாரம் பாதி வராது. இது பௌர்ணமிக்கு ஒரு ரிகர்சல் மாதிரி வெச்சிக்குங்க. கூட்டம் இருக்கற எடத்துல சொல்லிப் பழகணும்ல” என்றார்.

மகள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. கட்டைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். நான் நினைத்தேன், முதல் சீலத்தில் குரல் இறங்கும் என்று. இறங்கவில்லை. மாடிப்படியில் எப்படிச் சொல்வாளோ அப்படியே, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, சற்றே உயர்த்தி, எந்த உயிரையும் கொல்ல மாட்டேன் என்று சொன்னாள். பின்னால் நின்ற பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். வரிசையில் நின்ற வாடிக்கையாளர்களில் இரண்டு பேரும் பழக்கத்தில் திருப்பிச் சொன்னார்கள். கணவர் கைகளைக் கூப்பியபடி நின்றார். கூட்டத்தில் ஒருவர், “பாணாதிபாதா பொண்ணா இது? அட, அப்பனுக்கே ஓதுது பாரு” என்றார்.

முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். செயலாளர், “சூப்பர்! பௌர்ணமிக்கு நீதாம்மா” என்றார். அவள் முகம் சிவந்து, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து வெகு நாளாகிவிட்டது. அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளைகள் கலைந்ததும் அவள் உள்ளே வந்து, வெள்ளைச் சுடிதார் மேல் பிளாஸ்டிக் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தன் இடத்தில் நின்றாள். கூட்டம் அப்படியே இருந்தது. கணவர் ஒரு கோழியை எடுத்து இறக்கையைக் கோத்தார். தராசில் வைக்காமல் அவளிடம் நீட்டினார்.

“புடி.”

அவள் பிடித்தாள். இதற்கு முன் அவளை உயிர்க்கோழியைத் தொட விட்டதில்லை அவர்.

“இப்ப சொல்லு. அங்க நின்னு சொன்னியே, அத்த இங்க நின்னு சொல்லு.”

“நைனா...”

“தப்பில்லாம சொன்னே. எனக்கு இன்னொரு தபா கேக்கணும்போல கீது. சொல்லு.”

“வேணாங்க, ஜனம் பாக்குது” என்றேன்.

“பாக்கட்டும். இத்தினி வாரம் பாக்கலியா?” அவர் குரலை உயர்த்தவில்லை. வாடிக்கையாளரிடம் எலும்பைச் சின்னதாக வெட்டட்டுமா, பெரியதாக வெட்டட்டுமா என்று கேட்கிற அதே குரல். “உன் ஸ்கூல் ஃபீஸு, இந்த டிரெஸ்ஸு, நேத்து துன்னியே அந்தச் சோறு, எல்லாம் எதுல வந்துச்சுன்னு இந்தக் கோழிகிட்ட சொல்லிட்டு அப்புறம் சீலத்தச் சொல்லு.”

அவள் சொன்னாள். மிகச் சின்னக் குரலில் முதல் சீலத்தை மட்டும் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் அவள் கையிலேயே கோழியின் கழுத்தை அறுத்தார். வெள்ளைச் சுடிதாரின் கையில் சிவப்பு தெறித்தது. கோழியின் உதறல் நிற்கும்வரை அவள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கை விட்டால் என்ன ஆகும் என்று பயந்தாளோ என்னவோ. வரிசையில் அடுத்து நின்றவர் மெதுவாக, “எனக்கு ஒரு கிலோண்ணா” என்றார்.

அன்றிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது என் வழியாகத்தான். “நைனாவ சாப்பிடச் சொல்லு”, “அவளுக்குப் புக்கு வாங்கணுமா கேளு.” கறி இருந்தால் அவள் ரசச்சோறு கேட்டாள். கணவர் அதைப் பார்த்துக்கொண்டே எலும்பைக் கடிப்பார், கடக்முடக்கென்று, வேண்டுமென்றே. நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிற வழக்கம் உள்ளவள். அந்த நாட்களில் மழை, காற்று, சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து எழும்பிய தூசி, கறி விலை இவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் பௌர்ணமி நெருங்கியதும் கணவர் ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து இஸ்திரி போடச் சொன்னார். சீலம் சொல்கிற பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் மேடைக்குப் போய் முதல் மெழுகுவத்தியை ஏற்றுவது வழக்கம். அன்று கடையை மூடிவிடுவதாகச் சொன்னார். முடி வெட்டிக்கொண்டு வந்தார். கூண்டில் மிச்சமிருந்த கோழிகளை முந்தின நாளே ஹோட்டலுக்குப் போட்டுவிட்டு, புதிதாக இறக்க வேண்டாம் என்று வண்டிக்காரருக்கு போன் செய்யப் போனார்.

மகள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். பல நாட்களுக்குப் பிறகு நேராக அவரிடம் பேசினாள்.

“நைனா, நீ வராத.”

“இன்னா?”

“அம்மா மட்டும் வரட்டும். நீ மேடைக்கு வந்தா பசங்க சிரிப்பானுங்க. நான் பாணாதிபாதா சொல்றப்ப எல்லாரும் உன்னத்தான் பாப்பாங்க. எனக்கு மறந்துபூடும்.” பிறகு, “ப்ளீஸ்” என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் கோபத்தில் சொல்லவில்லை. நன்றாக யோசித்து, மரியாதையாக, ஒரு உதவி கேட்பதுபோலக் கேட்டாள்.

கணவர் போனைப் பார்த்தார். வண்டிக்காரருக்கே போட்டார். “நாளைக்கு எப்பவும்போல எறக்குங்க” என்றார்.

பௌர்ணமி அன்று காலை அவளை விகாரை வாசல்வரை அழைத்துப்போய், ரிப்பனைச் சரிசெய்து, மெழுகுவத்தி ஏற்ற செயலாளரின் மனைவியிடம் சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். மகள் என் கையைப் பிடித்து, “நீயுமா?” என்றாள். “கடைல ஒத்தையா முடியாதுடி” என்றேன். அது உண்மையில்லை. விகாரைக் குடும்பங்கள் எல்லாம் விழாவில் இருக்கும்போது கடையில் ஒற்றை ஆளுக்கே வேலை இருக்காது. இரண்டு பேரில் யாரைத் தனியாக விடுவது என்று யோசித்தேன். அவளோடு ஊரே இருந்தது.

பூதிகோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் மட்டும் கடைக்கு வந்திருந்தார். கன்னடம் கலந்து பேசினார், பஸ்ஸுக்கு அவசரம் என்றார். கணவர் கோழியைப் பிடித்த நேரத்தில் விகாரை மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு மகளின் குரல் வந்தது. பின்தெருவிலிருந்து வீட்டுக் கூரைகளைத் தாண்டி, நேரே கடைக்குள் வந்தது.

கணவர் கோழியைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார்.

“பேக மாடி அண்ணா, சீக்கிரம், பஸ் போயிடும்” என்றார் விவசாயி.

“ஸ்வல்ப இருங்க.”

அவள் முதல் சீலத்தைச் சொன்னாள். கூட்டம் திருப்பிச் சொன்னது, தெருவே சொல்வதுபோல. கணவரின் உதடுகள் அசைந்தன. இரண்டாவதுக்கும் அசைந்தன. ஐந்தும் முடிகிறவரைக்கும் அவர் கத்தி இருந்த பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. விவசாயி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வாங்காமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார். கணவர் கோழியைக் கூண்டில் திரும்ப விட்டார். அப்படித் திரும்ப விட்டு நான் பார்த்ததில்லை.

“ஒரு எடத்துலகூட தடுக்கல” என்றார் என்னிடம். கண்களைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

மதியம் விழா முடிந்து மகள் நேராகக் கடைக்கே ஓடி வந்தாள். கழுத்தில் யாரோ போட்ட சம்பங்கி மாலை, கையில் பரிசுப் பெட்டி. மூச்சு வாங்கியது. கட்டைக்கு எதிரே, அன்பு நடைப் பிள்ளைகள் நிற்கும் இடத்திலேயே நின்றாள். முந்தின நாள் சொன்னதற்கு வருத்தப்பட்டாளா தெரியாது. ஆனால் முகத்தில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது.

“நைனா, ஸ்பீக்கர் இங்க கேட்டுச்சா?”

அவர் கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“இல்ல. வியாபாரம் ஜாஸ்தி. ஒண்ணும் கேக்கல.”

“ஒண்ணுமா?”

“மைக் சத்தமே வரல இந்தப் பக்கம். நீ சொன்னியா இன்னா? யாரோ வேற பொண்ணு சொல்லுச்சுன்னு இல்ல நெனச்சேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று பார்த்தாள். அவர் சுரண்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். என்னால் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் உதவ முடியும். நான் தண்ணீரை ஊற்றித் தரையைக் கழுவத் தொடங்கினேன். மகள் மாலையைக் கழற்றிக் கூண்டின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.